தாய்வீட்டுப் பிரசவமும் தூதரகத் தேதியும்

கர்ப்பத்திற்கு நாற்பது வாரம் என்று ஒரு கணக்கு உண்டு. அயல்நாட்டில் வாழும் கணவரிடம் சென்று சேர்வதற்கான குடியேற்ற விசாவுக்கு அப்படி உறுதியான கணக்கு எந்த நாட்டிலும் இல்லை. குடியேற்ற விசா என்பது, சுற்றுலா விசாவைப் போலத் திரும்பிவரும் கெடுவோடு தரப்படாமல், அந்நாட்டிலேயே தங்கி வாழ்வதற்காக வழங்கப்படும் நுழைவு அனுமதி. கர்ப்பமும் இந்த விசாவும் ஒரே ஆண்டில் ஒரு வீட்டுக்கு வந்து சேரும்போது, வயிற்றில் பிள்ளையோடு விமானம் ஏறுவதா, தாய்வீட்டில் பெற்றபின் கிளம்புவதா, பிறக்கும் குழந்தை எந்த நாட்டுக்கு உரியது, அதற்குத் தனியாக விசா வேண்டுமா என்ற கேள்விகள் எழுகின்றன. விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் நடுவில், 1879-இல் திறக்கப்பட்ட ரயில்பாதையின் மேல் இருக்கும் வளவனூருக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் இவை புதிய கேள்விகள் அல்ல.

வளவனூர் அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. கிழக்கே மதகடிப்பட்டைத் தொட்டால் பிரெஞ்சு நிலம். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல், வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு என்று தென்னாற்காட்டு ஊர்களுக்கிடையே சிதறிக் கிடந்ததால், பெண் கொடுப்பதும் எடுப்பதும் அரசியல் எல்லையைப் பொருட்படுத்தாமல் நடந்தன. ஆட்சி மாற்றம் வந்தபோதுதான் அந்த எல்லைக்கு எடை கூடியது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்பளிப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. ஆனால் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடப்புக்கு வந்தது. அந்நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் எழுத்துமூலம் அறிவித்தவர்கள் பிரெஞ்சு நாட்டுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கை இடம் கொடுத்தது. அவ்வாறு அறிவித்தவர்கள் சுமார் 5,000 பேர். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்று பாரிஸ் நகரிலும் அதன் புறநகர்களிலும் பரவியிருக்கிறார்கள்.

இந்த உடன்படிக்கையின் ஒரு சொற்றொடர் தாய்வீட்டுப் பிரசவம் என்ற வழக்கத்தோடு எதிர்பாராத முறையில் முட்டிக்கொண்டது. அதன் 4-ஆம் பிரிவு, பிரெஞ்சுப் பகுதிகளுக்குள் பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சு நாட்டினரைப் பற்றித்தான் பேசியது. அவர்கள் விருப்பம் தெரிவிக்காவிட்டால் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். தந்தை பிரெஞ்சு நாட்டினராக இருந்து, பிறப்பு மட்டும் எல்லைக்கு வெளியே நிகழ்ந்தவர்கள் அப்பிரிவின் எழுத்துக்குள் அடங்கவில்லை என்ற வாதம் பின்னாளைய நாட்டுரிமை வழக்குகளில் இடம்பெற்றது. வில்லியனூருக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தலைப்பிரசவத்திற்காக வளவனூருக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தால், அந்தப் பிள்ளை பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தது. இரண்டாவது பிள்ளையைப் புகுந்த வீட்டிலேயே பெற்றிருந்தால், அது பிரெஞ்சு மண்ணில் பிறந்தது. ஒரே தாய் தந்தையரின் இரண்டு பிள்ளைகள் 1962-இல் இரண்டு வெவ்வேறு சட்ட நிலைகளில் நிற்கும் வாய்ப்பை, எந்த அரசும் திட்டமிடாமல், வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துவரும் வழக்கமே உண்டாக்கியிருந்தது.

பிறந்த இடமா, பெற்றவரின் நாடா

இன்றைய குடும்பங்கள் செய்யும் பெரும்பாலான பிழைகள், குழந்தையின் குடியுரிமை பிறந்த இடத்தால் வருகிறது என்ற பொது நம்பிக்கையிலிருந்து தொடங்குகின்றன. குடியுரிமை இரண்டு வழிகளில் பிறப்போடு சேர்கிறது: மண்ணில் பிறந்ததால் வருவது ஒன்று, பெற்றவர் வழியாக வருவது மற்றொன்று. அமெரிக்காவும் கனடாவும் முதல்வழியைப் பெரிதும் ஏற்றவை. பிரான்சோ பெற்றோரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தாலே குழந்தையும் பிரெஞ்சுக் குடிமகன் என்று தன் குடிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆகவே பிரெஞ்சுக் குடிமகனை மணந்த வளவனூர்ப் பெண்ணின் குழந்தை பாரிஸில் பிறந்தாலும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்தாலும் அதன் பிரெஞ்சு உரிமையில் அணுவளவும் வேறுபாடு இல்லை. குழந்தைக்காக அவசரப்பட்டு எட்டாம் மாதத்தில் விமானம் ஏற வேண்டிய தேவை, குறைந்தபட்சம் பிரான்சைப் பொறுத்தவரை, சட்டத்தில் கிடையாது.

அவசரப்பட வேண்டியது திருமணப் பத்திரத்திற்குத்தான். பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டில் மணம் செய்துகொள்வதற்கு முன், தூதரகத்திடம் மணம்புரியும் தகுதிச் சான்று பெற வேண்டும். அதற்காகத் திருமண அறிவிப்பு பத்து நாள் ஒட்டப்படும், தேவையென்றால் இருவரையும் தனித்தனியே அழைத்து விசாரிப்பார்கள். அதன்பின் மணம் முடித்து, தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் (கூடுதல் கட்டணத்துடன் 150 நாளுக்குள்) சார்பதிவாளரிடம் பதிந்து, அச்சான்றைப் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் ஏற்றச் செய்ய வேண்டும். இந்த ஏற்றம் நடக்கும்வரை, ஊரறிய நடந்த திருமணமும் பிரெஞ்சு அலுவலகங்களின் முன் பயன் தராது. ஏற்றம் முடிந்ததும் தரப்படும் ‘லிவ்ரே த ஃபமீய்’ என்ற குடும்பப் பதிவேட்டை வைத்துத்தான் மனைவிக்கான நீண்டகால விசா கேட்க முடியும். மோசடியோ பொது ஒழுங்குக்கு ஊறோ இருந்தாலன்றிக் குடிமகனின் மனைவிக்கு இந்த விசாவை மறுக்கக் கூடாது என்பது பிரெஞ்சுச் சட்டத்தின் நிலை. எனவே தாமதம் பெரும்பாலும் விசா மேசையில் நேர்வதில்லை, அதற்கு முந்தைய பதிவேட்டு மேசையில் நேர்கிறது. தகுதிச் சான்று பெறாமலேயே மணத்தை முடித்துவிட்டு, பெண் உண்டானபின் தூதரகக் கதவைத் தட்டும் குடும்பங்களுக்கு விசாரணை, திருத்தம், நாந்த் நகரத்து அரசு வழக்கறிஞரின் ஒப்புதல் என்று மாதங்கள் நீள்கின்றன. முகூர்த்த நாளுக்கு மூன்று மாதம் முன்பே சோதிடரைக் கேட்கும் வீட்டார், அதே மூன்று மாதத்திற்கு முன் தூதரகத்தையும் கேட்டிருந்தால் இந்தச் சிக்கலில் பாதி எழாது.

பெயர் தனி விவகாரம். தமிழர் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் ஒற்றை முதலெழுத்தாக முன்னால் நிற்கிறது, பள்ளிச் சான்றில் ஒரு விதமாகவும் ஆதாரில் மற்றொரு விதமாகவும் கடவுச்சீட்டில் விரிந்தும் காணப்படுகிறது. பிரெஞ்சுப் பதிவேடு, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு குடும்பப் பெயரையும் அதற்குரிய தனிப்பெயரையும் எதிர்பார்க்கிறது. மணமகளின் பிறப்புச் சான்றில் பெயரே இல்லாமல் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருப்பதும் இந்த வட்டாரத்தில் அரிதன்று. ஓர் எழுத்து மாறுபாட்டுக்காகக் கோப்பு திரும்பிவரும்போது, வட்டாட்சியர் அலுவலகம், நகராட்சி, கடவுச்சீட்டு அலுவலகம் என்று அலையும் வாரங்கள் கர்ப்பத்தின் வாரங்களிலிருந்துதான் கழிகின்றன. திருமணப் பேச்சு முடிந்த கையோடு மணமகளின் பிறப்புச் சான்றை எடுத்துப் பார்ப்பது, நகைக்கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

வயிற்றுப் பிள்ளை விண்ணப்பதாரர் அல்ல

பிரான்சைத் தாண்டி மற்ற நாடுகளுக்குப் போகும் பெண்களைப் பொறுத்தவரை, முதலில் கேட்க வேண்டிய கேள்வி கணவர் அந்நாட்டுக் குடிமகனா அல்லது நிரந்தர வசிப்புரிமை பெற்றவரா என்பதே. ‘அங்கே செட்டில் ஆகிவிட்டார்’ என்ற ஒரே வாக்கியத்தில் வீட்டார் இரண்டையும் அடக்கிவிடுகிறார்கள்; சட்டம் அடக்குவதில்லை. குடிமகனுக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, பெரும்பாலும் தந்தை வழியே குடியுரிமை பெற்றுவிடுகிறது. அமெரிக்கக் குடிமகன் ஒருவர் வேற்றுநாட்டுப் பெண்ணை மணந்திருந்தால், குழந்தை பிறப்பதற்கு முன் அவர் அமெரிக்காவில் மொத்தம் ஐந்தாண்டு, அதில் பதினான்கு வயதுக்குப் பின் இரண்டாண்டு, உடலளவில் வாழ்ந்திருக்க வேண்டும். அந்த நிபந்தனை நிறைவேறியிருந்தால் இந்தியாவில் பிறந்த குழந்தைக்கும் தூதரகம் வெளிநாட்டுப் பிறப்பறிக்கை வழங்கும். பிரிட்டனில் குடியேறிக் குடியுரிமை பெற்றவரின் குழந்தை வெளிநாட்டில் பிறந்தாலும் பிரிட்டிஷ் குடிமகன். ஆனால் தாமே வெளிநாட்டில் பிறந்து வம்சவழியில் பிரிட்டிஷ்காரரானவரின் குழந்தைக்கு அது தானாக வருவதில்லை.

வசிப்புரிமை மட்டும் பெற்றவரின் குழந்தைக்கு நிலைமை வேறு. கருவிலிருக்கும் பிள்ளையை எந்தக் குடியேற்ற அலுவலகமும் விண்ணப்பதாரராக எண்ணுவதில்லை. பிறந்த கணத்தில் அது தனிப் பெயரும் தனிக் கோப்பும் வேண்டும் ஆளாகிவிடுகிறது. இந்த மாற்றத்தை அறிவிக்காமல் விடுவதன் விலையைக் கனடாவின் விதி ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. அந்நாட்டுக் குடியேற்ற ஒழுங்குவிதிகளின் 117(9)(ஈ) பிரிவின்படி, ஒருவர் நிரந்தர வசிப்புரிமை பெறும் நாளில் அவருக்கு இருந்த குடும்ப உறுப்பினர் அறிவிக்கப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்டிருந்தால், அவரைப் பிற்பாடு குடும்ப வகையில் வரவழைக்க முடியாது. விசா கைக்கு வந்தபின் பிரசவித்து, மூன்று வாரக் குழந்தையைப் பாட்டியிடம் விட்டு, விசா காலாவதியாகிவிடும் என்ற பயத்தில் தாய் மட்டும் டொரண்டோவில் இறங்கினால், அந்தக் குழந்தை பிறகு தாயின் குடும்பத்தவராகக் கருதப்படாமல் போகும் அபாயம் அதிலிருந்து வந்தது. 2019-இல் தற்காலிகக் கொள்கை ஒன்று இதைத் தளர்த்தியது என்றாலும், பிறப்பை உடனே எழுதி அறிவிப்பது ஒன்றே பாதுகாப்பான வழி. அமெரிக்க விதி இவ்விடத்தில் சற்று இரக்கம் உடையது: தாய்க்கு விசா வழங்கப்பட்டபின் பிறந்த குழந்தை, அந்த விசா செல்லும் காலத்திற்குள் தாயோடு சேர்ந்து பயணம் செய்தால், அதற்குத் தனி விசா வேண்டியதில்லை.

மருத்துவப் பரிசோதனை மற்றொரு முடிச்சு. காசநோய்ச் சோதனைக்கு மார்பு எக்ஸ்ரே தேவைப்படும் நாடுகள் பல. கர்ப்பிணிக்கு வயிற்றை மறைத்துப் படம் எடுக்கலாம், அல்லது ஒத்திவைக்கலாம். ஆறு மாதத்திற்கு மேல் தங்க பிரிட்டன் செல்லும் இந்தியர்கள் காசநோய் இல்லை என்ற சான்றைத் தர வேண்டும். எக்ஸ்ரே வேண்டாம் என்னும் கர்ப்பிணிக்குச் சளிச் சோதனை உண்டு, ஆனால் அதன் முடிவு வர எட்டு வாரம்வரை ஆகலாம், சான்றின் ஆயுளும் ஆறே மாதம். ஆஸ்திரேலியா பொதுவாகப் பிரசவம் முடியும்வரை எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடச் சொல்வதால், கோப்பும் அதுவரை காத்திருக்கிறது. அமெரிக்கக் குடியேற்றப் பரிசோதனையில் கேட்கப்படும் தட்டம்மைத் தடுப்பூசி, உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால் கர்ப்பிணிக்குப் போடப்படுவதில்லை. மருத்துவர் அதைக் குறித்து விலக்கு எழுதிவிடுவார். தேதிக்காக எக்ஸ்ரேயை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதை விசா முகவர் சொல்லக்கூடாது, மகப்பேறு மருத்துவர் சொல்ல வேண்டும்.

விமானக் கணக்கு இவற்றைவிட எளிது. ஒற்றைக் கரு என்றால் 36 வாரம்வரை, இரட்டை என்றால் 32 வாரம்வரை பறக்கலாம் என்பது விமானத் துறையின் பொது வழிகாட்டுதல். 28 வாரத்திற்குப் பின் பல நிறுவனங்கள் மருத்துவர் சான்று கேட்கின்றன. ஏழாம் மாத வளைகாப்பு ஏறத்தாழ 25 முதல் 28 வாரத்திற்குள் விழுகிறது. ஒன்பதாம் மாதத்தில் செய்யும் வழக்கமுள்ள வீடுகளில், வளையல் அடுக்கி முடிக்கும்போது விமானக் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டிருக்கும். பிரான்சுக்குப் போவதானால் இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும்: அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தவர்களுக்கு ஆறாம் மாதத்தின் முதல் நாளிலிருந்து பிரசவத்திற்குப் பின் பன்னிரண்டாம் நாள்வரை செலவு முழுவதும் ஈடுசெய்யப்படுகிறது. ஐந்தாம் மாதத்தில் போய்ச் சேர்ந்து பெயரைப் பதிந்துகொள்பவருக்கு இது பெரிய ஆறுதல். எட்டாம் மாதத்தில் இறங்கி, மொழி தெரியாத ஊரில், காப்பீட்டு அட்டை வருமுன் வலி கண்டவருக்கு அப்படியன்று. இக்கட்டுரையின் கருத்தில், இருபத்தைந்து வாரத்திற்குள் விசா கையில் இல்லையென்றால், பிரசவத்தைத் தாய்வீட்டில் வைத்துக்கொண்டு விசாத் தேதியைத் தள்ளிக் கேட்பதே அறிவு.

தள்ளிக் கேட்டுத் தங்கிவிட்டவர்கள் இங்கே செய்ய வேண்டியவையும் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து, ஊரார் இன்னும் ‘பிக்மி நம்பர்’ என்றே சொல்லும் பதிவெண்ணை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்று அதனோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்து, குழந்தையின் பெயரையும் பெற்றோர் பெயர்களின் எழுத்துகளையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதச் செய்ய வேண்டும். பெயர் சூட்டும் சடங்குவரை அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால், பின்னர் நிரப்ப இன்னொரு நடை. இந்தியாவில் பிறந்த அந்தக் குழந்தை, தாய் இந்தியர் என்பதால் இந்தியக் குடிமகன். தந்தையால் பிரெஞ்சுக் குடிமகனும் ஆகும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு எடுக்கப்பட்டதும் இந்திய அதிகாரிகள் குழந்தையை அயல்நாட்டவராகவே நடத்துவர். இந்திய விசா எதுவும் ஒட்டப்படாத அந்தக் கடவுச்சீட்டோடு விமான நிலையத்திற்குப் போனால் திரும்ப வேண்டியதுதான். அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையச் சேவை வழியாக வெளியேறும் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

பிறந்த மண்ணால் குடியுரிமை தரும் நாட்டிலும் நிச்சயம் குலையலாம் என்பதை 2025 சனவரி 20 காட்டியது. தற்காலிக விசாவில் உள்ள தாய்க்கு, குடிமகனோ வசிப்புரிமையாளரோ அல்லாத தந்தையால் பிறக்கும் குழந்தைக்கு 30 நாளுக்குப் பின் குடியுரிமை இல்லை என்று அமெரிக்க அதிபர் ஆணையிட்டார். நீதிமன்றங்கள் அது நடப்புக்கு வருமுன்னரே தடுத்தன என்றாலும், கெடுவுக்கு முன் அறுவை செய்து குழந்தையை எடுக்க முடியுமா என்று அங்குள்ள இந்தியத் தம்பதியர் மருத்துவர்களை அணுகியதாகச் செய்திகள் வந்தன. முப்பத்திரண்டு வாரக் குழந்தையின் நுரையீரலைவிடக் கடவுச்சீட்டு பெரிதாகத் தெரிந்த அந்த நாட்கள், அச்சத்தில் எடுக்கும் முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று.

திண்டிவனம் பக்கத்து மனைவியர்

மறுதிசையிலும் போக்குவரத்து உண்டு. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. இந்தியரை மணந்து இங்கே வாழவரும் வெளிநாட்டினர் திண்டிவனம், மரக்காணம் பக்கங்களிலும் உள்ளனர். இந்தியரின் வெளிநாட்டு மனைவி அயல்நாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறுவதற்கு, திருமணம் பதியப்பட்டு இரண்டாண்டு தொடர்ந்திருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமைக்குப் பதிவு செய்யவோ ஏழாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். முதல் பிள்ளை பெரும்பாலும் அந்த இரண்டாண்டுக்குள்ளேயே உண்டாகிவிடுவதால், பிரசவ நாளில் அப்பெண் காலவரையறை உள்ள ‘எக்ஸ்’ வகை நுழைவு விசாவில்தான் இருப்பாள்.

அந்த விசாவின் கடைசித் தேதிக்கு, பிரான்சோ கனடாவோ தராத கனத்தை இந்தியச் சட்டம் தருகிறது. 1987 சூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்த எவரும், அயல்நாட்டுத் தூதர் போன்றோரின் பிள்ளைகள் நீங்கலாக, இந்தியக் குடிமகன். அதன்பின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும் என்றாயிற்று. 2004 டிசம்பர் 3 முதலோ, ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் பிறப்பு நாளில் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். சட்டவிரோதக் குடியேறி என்பதற்குள் ஆவணமின்றி நுழைந்தவரோடு, அனுமதித்த காலம் கடந்து தங்கியவரும் அடங்குவார். மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த பெண்ணொருவரை, முதல் விதியின்படி இந்தியக் குடிமகள் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு பெண் இந்த மாவட்டத்து இந்தியர் ஒருவரை மணந்து 2010-இல் பிள்ளை பெற்றிருந்தால், அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் விதிதான் பொருந்தும். தாய் ஆவணமின்றி வந்தவர் என்றால், தந்தையும் பாட்டனும் இந்தியராக இருப்பது அதற்கு உதவாது. 2015 சனவரி 9-க்கு முன் அடைக்கலம் வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான நடவடிக்கைகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அந்த விலக்கு குடியுரிமை தரவில்லை.

முகாமில் பிறந்தவர்களுக்கு இதில் தேதியைத் தெரிவுசெய்யும் வாய்ப்பே இருக்கவில்லை. விசாவோடு வந்த மனைவிக்கு அந்த வாய்ப்பு உண்டு: பிரசவம் ஏப்ரலில், விசா முடிவது மார்ச்சில் என்றால், நீட்டிப்பு விண்ணப்பத்தைச் சனவரியிலேயே இணையத்தில் ஏற்றி, திருமணப் பதிவுச் சான்று, கணவரின் ஆதார், வீட்டு முகவரிச் சான்று ஆகியவற்றை இணைத்து, விண்ணப்பம் பெறப்பட்ட ஒப்புகையை மருத்துவமனைக் கோப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். 2025-ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டப்படி, வெளிநாட்டவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்பதால், பிரசவ அறைக்குள் போகும் நாளில் அந்தத் தாயின் கடவுச்சீட்டும் விசாவும் கேட்கப்படும்.